நிரூபிக்க வேண்டியது யார்? – இங்கிலாந்து ஆறுகளில் கயாக் விடும் உரிமை பற்றி

1

வேல்ஸும் இங்கிலாந்தும் தொட்டுக்கொள்கிற எல்லையில் ஹே-ஆன்-வை என்று ஒரு சிறிய ஊர். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போனது. ஊரை ஒட்டி வை ஆறு ஓடுகிறது. குறுக்கே ஒரு பாலம். இந்தப் பாலத்திலிருந்து கீழ்நோக்கி, கடல்வரைக்கும், யார் வேண்டுமானாலும் படகில் போகலாம். தடுக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. பாலத்துக்கு மேலே இருப்பதும் அதே ஆறுதான், அதே தண்ணீர்தான். ஆனால் அங்கே கரைநிலத்துக்காரர் 'என் இடத்துக்குள் ஏன் வந்தாய்?' என்று கேட்க முடியும். பாலத்தைக் கடக்கும்போது தண்ணீரில் ஒன்றும் மாறிவிடுவதில்லை. மாறுவது சட்டம். 1695இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் வை, லக் ஆகிய இரண்டு ஆறுகளையும் படகுப் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டு ஒரு சட்டம் போட்டது. அதன் வாரிசாக இன்றும் நிற்கிற உரிமை அந்தப் பாலத்தோடு முடிந்துபோகிறது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தானியமும் நிலக்கரியும் ஏற்றிய தோணிகளுக்காக எழுதப்பட்ட ஒரு வரி, இன்றைக்கு விடுமுறை நாளில் துடுப்பு வலிக்கப் போகிறவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கிறது.

கயாக் என்பது ஆர்க்டிக் கடலோரத்து வேட்டைச் சமூகங்களின் படகு. மரமோ எலும்போ கொண்டு சட்டகம் கட்டி, அதன்மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்தது. ஒரே ஆள் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பால் வலித்துப் போகலாம். இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு போய்விடலாம். அது மிதக்க ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும். இந்தக் கடைசி விஷயம்தான் சட்டத்துக்குத் தலைவலி. சரக்குத் தோணி எட்டிப்பார்க்காத ஓடையிலும் கயாக் நுழைந்துவிடும். சட்டமோ சரக்குத் தோணியை மனதில் வைத்து எழுதப்பட்டது.

'கயாக் எங்கே விடலாம்?' என்பது பார்வைக்கு ஒரு விளையாட்டுக்காரரின் கேள்வி. சற்று நோண்டிப் பார்த்தால் அதற்கடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது: ஒரு பொதுப்பொருள் பற்றிச் சண்டை வந்தால், 'இது எல்லோருக்கும் உரியது' என்று சொல்பவர் நிரூபிக்க வேண்டுமா, 'இது எனக்கு மட்டும் உரியது' என்று சொல்பவர் நிரூபிக்க வேண்டுமா? இங்கிலாந்தின் ஆறுகளை முன்வைத்து இந்தக் கேள்வியைப் பார்ப்பதே நோக்கம்.

2

முதலில் விதிகளைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் இவ்விஷயத்தில் ஏறக்குறைய ஒரே சட்டம்தான்.

கடலின் ஏற்றவற்றம் எட்டுகிற வரைக்கும் ஆறு பொதுவழி. அங்கே படகு விட யாருடைய அனுமதியும் வேண்டாம். இது பொதுச்சட்டம் தருகிற உரிமை. ஏற்றவற்றம் நின்றுபோகிற இடத்துக்கு மேலே கதை மாறுகிறது. அங்கே ஆற்றின் அடிமண் கரைநிலத்துக்காரருக்குச் சொந்தம். இரு கரையும் இரண்டு பேரிடம் இருந்தால், நடு ஆற்றில் ஒரு கற்பனைக் கோடு போட்டு ஆளுக்குப் பாதி. ஓடுகிற தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை என்பதையும் இதே சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நிலம் சொந்தமென்றால் அதற்கு மேலே உள்ள வெளியும் சொந்தம் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய நம்பிக்கை. ஆக, யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீரில் மிதக்கிறவர், தன் கால் ஒருபோதும் படாத மண்ணின்மீது அத்துமீறியவர் ஆகிறார். தத்துவ வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். நீதிமன்றத்தில் இது சட்டம்.

ஏற்றவற்றத்துக்கு மேலே படகு விட வேண்டுமானால் மூன்று வழிகள். ஒன்று, நாடாளுமன்றச் சட்டம். தேம்ஸ் ஆற்றில் ஏற்றவற்றம் டெடிங்டன் மதகோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலேயும் படகு விடலாம் என்பதை 1885ஆம் ஆண்டின் தேம்ஸ் பாதுகாப்புச் சட்டம் உறுதிசெய்தது. உரிமை இருக்கிறது என்பதற்காக விதி இல்லை என்று ஆகாது. அந்தப் பகுதியில் படகைச் சுற்றுச்சூழல் முகமையிடம் பதிவு செய்ய வேண்டும். டெடிங்டனுக்குக் கீழே லண்டன் துறைமுக ஆணையத்தின் ஒழுங்குவிதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும்.

இரண்டாவது, உரிமம். மனிதர் வெட்டிய கால்வாய்களில் முன்பிருந்த பொது உரிமையைப் பெரும்பாலும் 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் எடுத்துவிட்டது. கால்வாய்களும் சில ஆறுகளும் 2012 முதல் 'கால்வாய் மற்றும் ஆறு அறக்கட்டளை'யின் பொறுப்பில் இருக்கின்றன. காசு கட்டி உரிமம் வாங்கினால் போகலாம்.

மூன்றாவது, கரைக்காரரோடு ஒப்பந்தம். வருஷத்தில் இத்தனை மாதம், இந்த இடத்தில் இறங்கி அந்த இடத்தில் ஏற வேண்டும், தண்ணீர் இந்த அளவுக்கு மேல் இருக்கும்போது மட்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கும். தருகிறவர் நினைத்தால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றிலும் அடங்காத ஆறுகள்தான் மிச்சம். அந்த மிச்சம்தான் ஆகப் பெரிய பங்கு. துடுப்புப் படகுக்காரர்களின் தேசிய அமைப்பான பேடில் யுகே (2024 வரை பிரிட்டிஷ் கனூயிங்) சொல்கிற கணக்குப்படி, இங்கிலாந்தின் ஆறுகளில் தகராறில்லாமல் படகு விடக்கூடியது சுமார் 4 சதவீதம் மட்டுமே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படகு விடும் உரிமை என்றால் கடந்து செல்லும் உரிமை. கரையில் ஏறி உட்கார்ந்து சாப்பிடவோ, வயல் வழியாகப் படகைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு வரவோ அது அனுமதிக்காது. ஆற்றின்மேல் உரிமை இருந்தும் ஆற்றை எட்ட வழியில்லாமல் போகலாம். நீரின் கதவு எப்போதும் நிலத்தில்தான் இருக்கிறது.

'அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்' என்று கரைகளில் பலகை வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் வெறும் மிரட்டல். வெறுமனே அத்துமீறுவது அங்கே கிரிமினல் குற்றம் அல்ல, சிவில் தவறு. கரைக்காரர் வெளியேறச் சொல்லலாம், நஷ்டஈடோ தடையாணையோ கேட்டு வழக்குப் போடலாம். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகாது. ஆனால் பலகையைப் படிக்கிற ஆள் சட்டம் படித்தவர் அல்லவே. சட்டத்தில் இல்லாத ஒரு தண்டனையை ஒரு மரப்பலகை அன்றாடம் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. அதிகாரம் எப்போதும் சட்டப்புத்தகத்தில்தான் இருக்கும் என்று யார் சொன்னது? (ஃபூக்கோவை இழுக்காமலேயே இது புரியும்.)

3

இப்போது நிரூபணத்துக்கு வருவோம்.

பொதுமக்கள் நெடுங்காலமாக ஒரு ஆற்றில் படகு விட்டிருந்தால் அந்த உரிமையை நீதிமன்றம் ஏற்கும். 'நெடுங்காலம்' என்றால் எவ்வளவு? ஆங்கிலச் சட்டத்தில் 'நினைவுக்கெட்டாத காலம்' என்று ஒரு கருத்து உண்டு. அதற்குத் தேதியும் உண்டு: 1189, முதலாம் ரிச்சர்ட் அரியணை ஏறிய வருஷம். 1275இல் ஒரு சட்டத்தின் வழி இந்த எல்லை வகுக்கப்பட்டது. நினைவுக்கு எட்டாத காலத்துக்கே தேதி குறித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தச் சட்டத்தின் மனோபாவம் விளங்கும்.

நிலத்தில் இருக்கிற ஒற்றையடிப் பாதைகளுக்கு இந்தச் சுமையை 1932ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டம் இறக்கிவைத்தது. 20 வருஷம் மக்கள் தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுப்பாதை என்று கொள்ளலாம். (இதே 1932 ஏப்ரலில்தான் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கூட்டமாகக் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள்.) சரி, 20 வருஷம் நடந்தால் பாதை என்றால், 20 வருஷம் படகு விட்டால்?

யார்க்‌ஷயரில் டெர்வென்ட் என்று ஒரு ஆறு. 1702இல் சட்டம் போட்டு அதைப் படகுகளுக்கு உகந்ததாக்கினார்கள். பின்னால் ரயில் வந்தது, சரக்குத் தோணிகள் போயின, 1935இல் மேல்பகுதிக்கான சட்டபூர்வ உரிமையையும் ரத்து செய்தார்கள். அதன் பிறகும் மக்கள் படகு விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1932 சட்டத்தின் 20 வருஷ விதி ஆற்றுக்கும் பொருந்தும் என்று வழக்கு நடந்தது. அந்தச் சட்டத்தில் 'நிலம்' என்பதற்கு 'நீரால் மூடப்பட்ட நிலமும் சேர்த்து' என்று விளக்கமே இருக்கிறது. இருந்தும் 1991 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: ஆற்றில் படகு போவது நிலத்தின்மேல் போகும் வழி ஆகாது, அந்த விதி பொருந்தாது.

இங்கே நின்று கவனிக்க வேண்டும். படகுக்காரரைக் குற்றம் சொல்லும்போது ஆறு நிலம். அவர் அடிமண்ணில் அத்துமீறுகிறார். அவர் உரிமை கேட்கும்போது ஆறு நிலம் அல்ல, அது தண்ணீர். ஒரே ஆறு, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து நிலமாகவும் நீராகவும் மாறுகிறது. ஒவ்வொரு தீர்ப்பும் தன்னளவில் தர்க்கம் உள்ளதுதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

வரலாற்றை வேறுமாதிரி வாசித்தவர்களும் உண்டு. 1215ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டா, 33ஆம் பிரிவில், தேம்ஸிலும் மெட்வேயிலும் நாடெங்கிலும் ஆற்றை அடைத்துக் கட்டிய மீன்கண்ணிகளை அகற்றச் சொல்கிறது. 1472இல் வந்த ஒரு சட்டம், அந்தப் பிரிவின் நோக்கம் கப்பல்களும் படகுகளும் போவதுதான் என்று விளக்குகிறது. இவற்றையெல்லாம் தோண்டியெடுத்து டக்ளஸ் காஃபின் என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு வாதத்தை வைத்தார்: படகு மிதக்கக்கூடிய எல்லா ஆறுகளிலும் பொது உரிமை என்றைக்கும் இருந்தது, அதை எந்தச் சட்டமும் எடுத்துவிடவில்லை. மீன்பிடிப்போர் தரப்பு வழக்கறிஞர்கள் இதை மறுக்கிறார்கள். மக்கள் படகு விட்டதற்குப் பெரும்பாலும் எழுத்துச் சான்று கிடையாது. பட்டா, விற்பனைப் பத்திரம், குத்தகை எல்லாம் பண்ணையாரின் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. ஆவணம் யார் வீட்டில் சேர்கிறது என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

மார்க்ஸ் 1842இல் ரைன்லாந்தின் விறகுத் திருட்டுச் சட்டத்தைப் பற்றி எழுதியபோது தொட்டது இந்த நரம்பைத்தான். தானாக உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவது ஏழைகளின் வழக்க உரிமை. நின்ற மரத்தின் சொத்துரிமையை விழுந்த சுள்ளிக்கும் நீட்டி அதைத் திருட்டு ஆக்கினார்கள். அடிமண்ணின் சொத்துரிமையை ஓடும் நீரின் மேற்பரப்புக்கு நீட்டுவதும் அதே வகை நீட்டல்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஒருமுறை நிரூபணமான பொது உரிமை இலகுவில் சாவதில்லை. தேம்ஸில் ஹெட்சர் என்ற கிளைநீர், நூறாண்டுக்கும் மேலாகத் தனியார் நீர் என்றே நடத்தப்பட்டது, பலகைகள் இருந்தன, அதிகாரிகளும் அப்படியே நடந்துகொண்டார்கள். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது உரிமை அழியவில்லை என்றது. ஆக இந்தச் சட்டத்தில் எல்லாம் முதல் நிரூபணத்தைப் பொறுத்தே இருக்கிறது.

4

எல்லைக்கு வடக்கே போனால் காட்சி தலைகீழ்.

ஸ்காட்லாந்திலும் முன்பு நிரூபிக்கத்தான் வேண்டியிருந்தது. ஸ்பே ஆற்றில் ஒரு படகுப் பள்ளி கனூக்களை விட்டது. நில உரிமையாளர் வழக்குப் போட்டார். 1976இல் பிரபுக்கள் சபை பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணம் சுவையானது. பழைய காலத்தில் மேல்காடுகளில் வெட்டிய மரங்களைக் கட்டைகளாகவும் தெப்பங்களாகவும் ஸ்பே வழியே கடலுக்கு மிதக்கவிட்டார்கள். மரம் மிதந்த ஆறு பொதுவழி. அந்த வழக்கம் நின்றுபோனாலும் உரிமை நின்றுபோகாது. மரவெட்டிகள் விட்டுப்போன உரிமையில் மாணவர்கள் துடுப்பு வலித்தார்கள்.

2003இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மரம் மிதந்ததா, தோணி போனதா என்ற விசாரணையே இனி வேண்டாம். பெரும்பாலான நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் எல்லோருக்கும் நடமாடும் உரிமை உண்டு. விலக்குகள் எழுதப்பட்டுள்ளன: வீடும் அதையொட்டிய தோட்டமும், பயிர் நிற்கிற வயல், மோட்டார் வாகனம். உரிமை 'பொறுப்போடு' பயன்படுத்தும்வரைதான். பொறுப்பு என்றால் என்ன என்பதை 2005இல் வந்த நடமாட்ட நெறித்தொகுப்பு விளக்குகிறது.

ஆக, தெற்கே: அனுமதி என்று எழுதியிருந்தால் ஒழிய கூடாது. வடக்கே: கூடாது என்று எழுதியிருந்தால் ஒழிய போகலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நிரூபணச் சுமை எந்தத் தோளில் என்ற ஒரே வித்தியாசம்தான். இங்கிலாந்துக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புற நடமாட்டச் சட்டம் மலைமேடு, தரிசு, பொதுநிலம் ஆகியவற்றைக் கால்நடைக்குத் திறந்துவிட்டது. ஆனால் அதன் இரண்டாம் அட்டவணை, ஏற்றவற்றம் எட்டாத நீரில் படகு விடுவதையும் குளிப்பதையும் பெயர் சொல்லி விலக்கியது. தண்ணீர்வரை நடந்து வரலாம், அதில் இறங்கக்கூடாது.

எதிர்த் தரப்பையும் கேட்போம். தூண்டில்காரர்கள் மீன்பிடி உரிமைக்குக் காசு கட்டுகிறார்கள்; படகுக்காரர் சும்மா வந்து கலைத்துவிட்டுப் போகிறார் என்பது ஒரு குறை. சால்மனும் டிரவுட்டும் சரளைக்கல் படுகையில் முட்டையிடும் காலத்தில், தண்ணீர் குறைந்திருக்கும்போது படகு அடியை உரசிக்கொண்டு போனால் சேதம் என்பது இன்னொன்று. ஒரு ஆற்றின் களைச்செடியை ஈரப் படகு இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும் என்பதும் உண்மை. இவை யாவும் கவலைக்குரியவையே. ஆனால் இவை எப்போது, எங்கே, எப்படிப் போகலாம் என்பதற்கான காரணங்கள். யாரும் எப்போதும் போகவே கூடாது என்பதற்கு இவற்றில் ஒன்றும் காரணமாகாது.

5

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தச் சட்டம் கப்பலேறி வந்திருக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் கரைநிலத்துக்காரரின் நீருரிமையை ஆங்கில வார்ப்பிலேயே இங்கே எழுதிவைத்தது. அது முதலில் அமலான பகுதிகள் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு. கூடவே ஆறுகளின் நீரை ஒழுங்குபடுத்தும் அரசின் உரிமையை ஒரு பிரிவு தனியாகக் காப்பாற்றிக்கொண்டது. கரைக்காரர், அரசு என்று இரண்டு பேர் அதில் தெளிவாகத் தெரிகிறார்கள்.

'நினைவுக்கெட்டாத காலம்' என்ற கருத்தும் வந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் மகாட் நகரத்தின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். தீண்டத்தகாதோரைக் குளத்திலிருந்து விலக்குவது நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம் என்பது அவர்கள் வாதம். 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம், அப்படியொரு வழக்கத்தை அவர்கள் நிரூபிக்கவில்லை என்று தள்ளியது. தாகத்தையும் விளையாட்டையும் ஒரே தராசில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மகாட்டில் பணயமாக இருந்தது மனிதத்தன்மை. சட்டத்தின் வடிவத்தை மட்டும் பாருங்கள். அங்கே குளம் நகராட்சியுடையது, விலக்க விரும்பியவர் நிரூபிக்க வேண்டியிருந்தது, முடியாமல் தோற்றார். அதே 'நினைவுக்கெட்டாத காலம்', சுமை தோள் மாறியதும் எதிர்த்திசையில் வேலை செய்தது.

இன்னொரு வேடிக்கை. பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பிய ஓர் உல்லாச விடுதி பற்றிய வழக்கில், 1996 டிசம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் ஒரு கோட்பாட்டை ஏற்றது. ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. தனியாருக்குத் தாரைவார்க்க முடியாது. ஓடும் நீரும் காற்றும் கடலும் எல்லோருக்கும் பொது என்ற ரோமானியச் சட்டக் கருத்தை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. நமது சட்டமுறை ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் வேர்கொண்டது, ஆகவே இக்கோட்பாடும் அதில் அடங்கும் என்றது. அந்த வேர் இருக்கிற நாட்டில், ஏற்றவற்றத்துக்கு மேலே உள்ள ஆற்றில் படகு விடுகிறவர் இதைச் சொல்லித் தப்ப முடியாது.

6

கடைசியாக, இது ஏன் பொழுதுபோக்குப் பிரச்சினை மட்டும் அல்ல?

இங்கிலாந்தில் 2023இல், மழைக்காலத்து நெரிசலைச் சமாளிக்க வைத்த வழிவாய்கள் மூலம் கழிவுநீர் ஆறுகளிலும் கடலிலும் கலந்த நேரம் மொத்தம் சுமார் 36 லட்சம் மணி. இது சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட கணக்கு. இந்தக் குழாய் வாய்கள் சாலையிலிருந்து கண்ணுக்குப் படுவதில்லை. தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து போகிறவர் கண்ணுக்குப் படும்; மூக்குக்கும் படும். ஆற்றில் போக முடியாதவருக்கு ஆற்றின் நோய் தெரியாது.

ஆற்றைக் காத்தவர்கள் சொத்துரிமைக்காரர்கள்தானே என்று கேட்டால், ஓரளவு உண்மை. 1950களின் தொடக்கத்தில் டார்பிஷயரின் டெர்வென்ட் ஆற்றில் (இது வேறு டெர்வென்ட்) கழிவு கலந்ததற்காக ஒரு தூண்டில் சங்கம் ஆலையையும் நகராட்சியையும் நீதிமன்றத்துக்கு இழுத்து ஜெயித்தது. ஜெயிக்க முடிந்ததற்குக் காரணம், மீன்பிடி உரிமை என்ற சொத்து அவர்கள் கையில் இருந்தது. சொத்து இருந்ததால் நஷ்டம் கேட்க முடிந்தது. அதே அழுக்கில் நனைந்து வயிற்றுப்போக்கோடு வீடு திரும்பும் படகுக்காரர் அத்துமீறியவராக இருந்தால், அவர் எந்த முகத்தோடு புகார் கொடுக்கப் போவார்? 'நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல. கரைக்காரரின் நிலத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு ஆற்றுத்துண்டை மூடிவைக்க விரும்புகிறவர், எந்த மாதங்களில், எந்த மீனுக்காக, எந்த நீர்மட்டத்துக்குக் கீழே மூடுகிறார் என்று எழுதி, காரணம் காட்டட்டும். காட்ட முடியாத இடத்தில் ஆறு திறந்திருக்கட்டும். வடக்கே 2005 முதல் இந்த முறைதான் நடக்கிறது. ஆறுகளும் இருக்கின்றன, மீன்களும் இருக்கின்றன, பண்ணையார்களும் இருக்கத்தான் இருக்கிறார்கள்.